நூட் ராக்னி: ஒரு பேச்சால் ஜெயித்த கோச்சா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஜாம்பவானின் கதை

அமெரிக்காவில் செப்டம்பர் வந்துவிட்டால் சனிக்கிழமை என்றாலே கல்லூரி ஃபுட்பால்தான். டீம் ஜெயித்தால் வீரர்களுக்குப் பாராட்டு. தோற்றால் திட்டு முழுக்க கோச்சுக்கு. அந்த நேரத்தில் பந்தை ஏன் எறியச் சொன்னார், ஏன் ஓடச் சொல்லவில்லை, இவரை இன்னும் எதுக்கு வைத்திருக்கிறார்கள் என்று ரசிகர்கள் வாரம் முழுக்க அலசுவார்கள்.

வெற்றி தோல்வி இரண்டுக்கும் கோச்தான் காரணம் என்ற இந்த எண்ணம் வளர்ந்ததில் ஒரு மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்தான் நூட் ராக்னி. இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் டிரெஸ்ஸிங் ரூம் பேச்சு என்றாலே அமெரிக்கர்களுக்கு இவர் ஞாபகம்தான் வரும். ஒரே ஒரு பேச்சால் தோற்க வேண்டிய மேட்ச்சை ஜெயித்தவர் என்பது இவரைப் பற்றிய பிரபலமான கதை.

ஆனா அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது.

சுருக்கமாக:
• பிறப்பு: 1888 மார்ச் 4, நார்வே
• பணி: நோட்டர் டேம் பல்கலைக்கழக தலைமை கோச், 1918 முதல் 1930 வரை
• கணக்கு: 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா
• இறப்பு: 1931 மார்ச் 31, விமான விபத்து

முதலில், இது என்ன ஆட்டம்?

இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் டீமுக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் 4 முயற்சி. எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி.

ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு ஒரு திட்டம் போடுவார்கள். அதுக்குப் பெயர் பிளே. யார் ஓடுவது, யாருக்கு எறிவது, யார் எதிராளியைத் தடுப்பது என எல்லாம் அதில் இருக்கும். எந்த பிளே என்று முடிவெடுப்பதுதான் பிளே காலிங். கிரிக்கெட்டில் அடுத்த ஓவர் யாருக்கு என்று கேப்டன் முடிவெடுப்பது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஒவ்வொரு பந்துக்கும் அப்படி முடிவெடுக்க வேண்டும்.

போஸ்ட் ஆபீஸ் வேலை டூ கல்லூரி

ராக்னியின் அப்பா குதிரை வண்டி செய்பவர். 1893ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்தவர், குடும்பத்தையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். அப்போது ராக்னிக்கு 5 வயது.

பள்ளிக்குப் பிறகு நேராகக் கல்லூரிக்குப் போக வசதி இல்லை. சிகாகோ தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். இண்டியானா மாநிலத்தில் இருந்த நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் 1910ல் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. கூடப் படித்தவர்களைவிட மூத்தவர். உயரமும் அதிகம் இல்லை. ஆனா படிப்பில் கெட்டி. வேதியியலில் ஆர்வம். 1914ல் மருந்தியல் பட்டம் வாங்கினார்.

பட்டம் முடிந்ததும் அதே இடத்தில் ஒரு பக்கம் வேதியியல் கற்பிக்கும் வேலை, இன்னொரு பக்கம் உதவி கோச் வேலை. அவர் உதவியாளராக இருந்தது ஜூலியஸ் நியூலேண்ட் என்ற பாதிரியாரின் ஆய்வகத்தில். நியூலேண்டின் ஆராய்ச்சிதான் பின்னாளில் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பருக்கு வழி போட்டது. ராக்னி அங்கேயே இருந்திருந்தால் ஒரு விஞ்ஞானியாகியிருக்கலாம்.

கடற்கரையில் போட்ட திட்டம்

அவர் மாணவராக இருந்தபோதே ஒரு மேட்ச் அவரைப் பிரபலமாக்கியது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906லேயே வந்துவிட்டது. ஆனாலும் பெரிய டீம்கள் அதைப் பெரிதாக நம்பவில்லை. எடை கூடிய ஆட்களை வைத்து முட்டி மோதி முன்னேறுவதுதான் வழக்கம்.

1913 கோடை விடுமுறையில் ராக்னியும் அவரது நண்பர் கஸ் டோரைஸும் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் கடற்கரையில் வேலைக்குப் போனார்கள். கையோடு ஒரு பந்தும் எடுத்துப் போனார்கள். டோரைஸ் எறிவார், ராக்னி ஓடிக்கொண்டே பிடிப்பார். விடுமுறை முழுக்க இதே வேலை.

அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வெஸ்ட் பாயிண்டில் ராணுவ அகாடமி டீமுடன் மேட்ச். ஆர்மி டீம் பெரிய கை. நோட்டர் டேம் அப்போது பலருக்குப் பெயரே தெரியாத சின்னக் கல்லூரி. டோரைஸ் பாஸ் மேல் பாஸாக எறிந்து 240 யார்டுக்கு மேல் சேர்த்தார். 35-13 என்று நோட்டர் டேம் ஜெயித்தது. முன்னோக்கிய பாஸைக் கண்டுபிடித்தது இவர்கள் இல்லை. ஆனா அதை வைத்துப் பெரிய டீமையும் சாய்க்கலாம் என்று நாடே பார்த்தது அன்றுதான்.

கோச் வாயைத் திறக்கக் கூடாத காலம்

1918ல் ராக்னி தலைமை கோச் ஆனார். இப்போதைய ரசிகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம் இங்கே உண்டு. அந்தக் காலத்தில் ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் நின்று கோச் உத்தரவு கொடுக்க விதி அனுமதிக்கவில்லை. ஹெட்செட் கிடையாது, சைகை காட்டக் கூடாது. மாற்று ஆட்டக்காரரை அனுப்பி அவர் காதில் சொல்லியனுப்பலாமா? அதுவும் முடியாது. உள்ளே வந்தவர் ஒரு பிளே முடியும்வரை சக வீரர்களிடம் பேசக் கூடாது.

அப்போ பிளே காலிங் யார் செய்தது? களத்தில் நிற்கும் குவார்ட்டர்பேக். 20, 21 வயசுப் பையன்.

அதனால் ராக்னியின் வேலை சனிக்கிழமைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். வாரம் முழுக்க குவார்ட்டர்பேக்குக்குப் பாடம் நடக்கும். மைதானத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறோம், எத்தனையாவது முயற்சி, எத்தனை யார்டு பாக்கி என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தயார் செய்வார்.

அவரது டீமின் அடையாளம் ஷிஃப்ட் என்ற உத்தி. பின்வரிசை வீரர்கள் நால்வரும் முதலில் ஒரு அமைப்பில் நிற்பார்கள். பந்து வருவதற்குச் சற்று முன் ஒரே தாளத்தில் குதித்து வேறு அமைப்புக்கு மாறுவார்கள். எதிரணி சுதாரிப்பதற்குள் ஆட்டம் ஓடிவிடும். இது கொடுத்த சாதகம் அதிகம் என்று பேச்சு கிளம்பி, நகர்ந்த பிறகு ஒரு வினாடி அசையாமல் நிற்க வேண்டும் என்று 1927ல் விதியே வந்தது.

இன்னொரு உத்தி, ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டாம் வரிசை வீரர்களை இறக்குவது. எதிரணி அவர்களோடு மோதிக் களைத்ததும் முதல் வரிசை வீரர்கள் புத்துணர்ச்சியோடு உள்ளே வருவார்கள்.

குதிரை ஏறிய நால்வர்

இதெல்லாம் கச்சிதமாகக் கூடிவந்த ஆண்டு 1924. ஸ்டுல்ட்ரெஹர், குரௌலி, மில்லர், லேடன் என நான்கு பேர் பின்வரிசையில். யாருமே பெரிய உடம்புக்காரர்கள் இல்லை. சராசரி எடை 73 கிலோவைத் தொடாது. அக்டோபர் 18ல் நியூயார்க்கில் ஆர்மியை 13-7 என்று ஜெயித்தார்கள். கிராண்ட்லேண்ட் ரைஸ் என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர், பைபிளில் வரும் நான்கு குதிரை வீரர்களோடு இவர்களை ஒப்பிட்டு எழுதினார். உடனே டீமின் விளம்பர வேலையைப் பார்த்த மாணவர் நால்வரையும் நிஜக் குதிரையில் ஏற்றி போட்டோ எடுத்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. இன்றைய பாஷையில் சொன்னால் வைரல்.

1925 ஜனவரி 1ல் ரோஸ் பவுல் மேட்ச்சில் ஸ்டான்ஃபோர்டை 27-10 என்று ஜெயித்தார்கள். அன்று அதிக யார்டு முன்னேறியது ஸ்டான்ஃபோர்டுதான். ஆனா அவர்கள் எறிந்த பாஸ்களை இடைமறித்து லேடன் மட்டும் 2 டச் டவுன் அடித்தார். அந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லை.

கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு இந்த டீம் சொந்த டீம் மாதிரி ஆனது. கல்லூரி வாசலையே பார்க்காத நியூயார்க் தொழிலாளர்கள்கூட மேட்ச்சுக்குத் திரண்டார்கள்.

1926: கோச் வராத நாள்

ராக்னியின் வாழ்க்கையில் ரசிகர்கள் மன்னிக்கக் கஷ்டப்பட்ட நாள் 1926 நவம்பர் 27. நோட்டர் டேம் அதுவரை அந்த சீசனில் தோற்கவே இல்லை. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து அடித்ததே ஒரே ஒரு டச் டவுன். அன்று பிட்ஸ்பர்க்கில் கார்னகி டெக் என்ற கல்லூரியுடன் மேட்ச். லேசாக ஜெயித்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ராக்னியும் அப்படித்தான் நினைத்தார்.

டீமை உதவி கோச்சிடம் விட்டுவிட்டு, ஆர்மி - நேவி மேட்ச்சைப் பார்க்க சிகாகோ போய்விட்டார். அந்த மேட்ச்சைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதும் வேலையும் இருந்தது.

பிட்ஸ்பர்க்கில் நடந்தது வேறு. கார்னகி டெக் கோச் வால்டர் ஸ்டெஃபன் முழுநேர கோச்கூட இல்லை. சிகாகோவில் நீதிபதி. அவரது டீம் 19-0 என்று நோட்டர் டேமை நசுக்கியது. செய்தி ராக்னிக்கு சிகாகோ ஸ்டேடியத்திலேயே வந்து சேர்ந்தது. எதிரணியைக் குறைவாக எடை போட்டது வீரர்கள் மட்டும் இல்லை, கோச்சும்தான். கோச்சே வரத் தேவையில்லாத மேட்ச் என்றால் வீரர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

அந்தப் பேச்சு உண்மையா?

இப்போது அந்தப் பிரபலமான கதைக்கு வரலாம். ராக்னியின் டீமில் முதல் சூப்பர் ஸ்டார் ஜார்ஜ் கிப். வகுப்புக்குப் போவதைவிட சூதாட்டத்தில் ஆர்வம். ஆனா களத்தில் அசாத்தியத் திறமை. 1920 டிசம்பர் 14ல், தொண்டைத் தொற்றும் நிமோனியாவும் சேர்ந்து 25 வயதில் இறந்துபோனார்.

எட்டு ஆண்டுகள் கழித்து 1928 நவம்பர் 10. யாங்கி ஸ்டேடியத்தில் மீண்டும் ஆர்மி. ஆர்மி அதுவரை தோற்கவில்லை. நோட்டர் டேம் ஏற்கனவே 2 மேட்ச் தோற்றிருந்தது. டிரெஸ்ஸிங் ரூமில் ராக்னி ஒரு விஷயம் சொன்னார். டீம் கஷ்டத்தில் இருக்கும் ஒருநாள் தனக்காக ஒரு மேட்ச் ஜெயிக்கச் சொல்லும்படி கிப் மரணப் படுக்கையில் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். அந்த நாள் இதுதான் என்றார். வீரர்கள் கண்ணீரோடு களமிறங்கினார்கள். முதலில் டச் டவுன் அடித்தது ஆர்மி. அதன்பிறகு நோட்டர் டேம் 2 டச் டவுன் போட்டு 12-6 என்று ஜெயித்தது.

கிப் அப்படிக் கேட்டாரா என்பதைப் பல வரலாற்றாளர்கள் சந்தேகிக்கிறார்கள். காரணம் உண்டு. ராக்னி கதை கட்டுவதில் பேர்போனவர். 1922ல் ஜார்ஜியா டெக் மேட்ச்சுக்கு முன்பு, தன் சின்ன மகன் பில்லி ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையில் இருப்பதாக வீரர்களிடம் சொன்னார். பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடி ஜெயித்தார்கள். ஊர் திரும்பியபோது ரயில் நிலையத்தில் அவர்களை வரவேற்க ஓடி வந்தது அதே பில்லி. நல்ல ஆரோக்கியத்தோடு!

சரி, பொய்யோ நிஜமோ, பேச்சு வேலை செய்ததே என்று கேட்கலாம். ஆனா அடுத்த வாரம் நடந்ததை யாரும் படமாக எடுக்கவில்லை. அதே டீம் சொந்த ஊரில் 27-7 என்று தோற்றது. 1905க்குப் பிறகு சொந்த மைதானத்தில் முதல் தோல்வி. எதிரணி யார்? அதே கார்னகி டெக். அந்த சீசன் 5 வெற்றி, 4 தோல்வி என முடிந்தது. ராக்னியின் மிக மோசமான சீசன், அவர் மிகப் புகழ்பெற்ற பேச்சைப் பேசிய அதே சீசன்தான்.

சக்கர நாற்காலியில் கோச்

1929ல் புது ஸ்டேடியம் கட்டும் வேலை நடந்ததால் சொந்த மைதானத்தில் ஒரு மேட்ச்கூட கிடையாது. எல்லாமே வெளியூர். அதோடு ராக்னியின் காலில் ரத்தக்கட்டு. அசைந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள்.

அக்டோபர் 26ல் மீண்டும் பிட்ஸ்பர்க், மீண்டும் கார்னகி டெக். மூன்று வருஷம் முன்பு இதே ஊருக்கு வராமல் இருந்தவர், இந்த முறை டாக்டர் பேச்சையும் மீறி வந்தார். டிரெஸ்ஸிங் ரூமுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். நோட்டர் டேம் 7-0 என்று ஜெயித்தது.

அந்த சீசனில் 9க்கு 9 வெற்றி. பல மேட்ச்களில் கோச் களத்தின் ஓரத்தில்கூட இல்லை. ஃபிராங்க் கரிடியோ என்ற குவார்ட்டர்பேக்தான் உள்ளே முடிவெடுத்தார். அடுத்த ஆண்டு புது ஸ்டேடியத்தோடு 10க்கு 10.

1931: கான்சாஸ் வயலில் முடிந்த பயணம்

1931 மார்ச் 31. சினிமா வேலை ஒன்றுக்காக லாஸ் ஏஞ்சலீஸ் போக, கான்சாஸ் சிட்டியில் விமானம் ஏறினார் ராக்னி. கான்சாஸ் மாநிலத்தின் பசார் என்ற சின்ன ஊர் அருகே விமானத்தின் இறக்கை முறிந்து விழுந்தது. 8 பேரும் பலி. ராக்னிக்கு வயது 43.

அது மரத்தால் ஆன இறக்கை. ஈரம் பட்டு ஒட்டுப்பசை பலவீனமாகியிருந்தது. இறந்தவர் நாடே அறிந்த மனிதர் என்பதால் விஷயம் பெரிதானது. அதே ரக விமானங்கள் தரையிறக்கப்பட்டன. மர இறக்கை விமானங்கள் மீது மக்களுக்கு நம்பிக்கை போனது. முழு உலோக விமானங்களை நோக்கிய மாற்றம் வேகமெடுத்தது. நார்வே மன்னர் இறுதிச்சடங்குக்குத் தன் பிரதிநிதியை அனுப்பினார்.

1940ல் அவர் கதை சினிமா ஆனது. கிப் வேடத்தில் நடித்தவர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் அமெரிக்க அதிபரான பிறகும் கிப்பர் என்ற செல்லப்பெயர் ரீகனோடு ஒட்டிக்கொண்டது. ராக்னியின் மற்ற மேட்ச்களை மறந்த மக்களுக்கும் அந்தப் பேச்சு மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

அப்போ ஜெயித்தது யாரால்?

122 மேட்ச்சில் 105 வெற்றி. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றின் மிக உயர்ந்த வெற்றி விகிதங்களில் ஒன்று. இத்தனை வெற்றிக்கும் ஒரு பேச்சு காரணமாக இருக்க முடியாது. விதிப்படி சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய மனிதர், திங்கள் முதல் வெள்ளி வரை செய்த வேலைதான் களத்தில் தெரிந்தது. அந்த வேலையை முடித்துவிட்டுப் பொறுப்பை ஒரு 21 வயசுப் பையனிடம் நம்பிக் கொடுத்தார்.

இன்று கோச்கள் ஒவ்வொரு பிளேயையும் ஓரத்திலிருந்தே சொல்கிறார்கள். அதனால் திட்டும் அவர்களுக்கே போகிறது. ஆனா அடுத்த முறை எந்த ஆட்டத்திலாவது ஒரு தப்பான முடிவைப் பார்த்துக் கோச்சைத் திட்டத் தோன்றினால், அந்த ஒரு நொடியை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய ஐந்து நாள் என்ன நடந்திருக்கும் என்றும் யோசிக்கலாம். 1926ல் பிட்ஸ்பர்க்கில் நோட்டர் டேம் தோற்றதும், 1929ல் அங்கேயே ஜெயித்ததும் அப்படித்தான்.