செல்ஃப் எடுக்காத காரும் காஸ்டன் பிளான்டேயும்: ரீசார்ஜ் பேட்டரி பிறந்த கதை

மேனாம்பேட்டில் மழைக்குப் பயந்து மூணு வாரம் எடுக்காமல் விட்ட கார். திங்கள்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி டவுன்! ஆனால் பெரும்பாலும் அதைத் திரும்ப சார்ஜ் செய்துவிட முடியும். அந்த வசதியைத் தந்தவர், பிரான்ஸைச் சேர்ந்த இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே.

யார் இவர்?

1834-ல் பிரான்ஸின் ஓர்தேஸ் ஊரில் பிறந்தார். 20 வயதில் பாரிஸில் இயற்பியல் உதவி விரிவுரையாளர் ஆனார். 1855-ல் பாரிஸ் அருகே, பறக்க முடியாத ஒரு ராட்சதப் பறவையின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். காஸ்டோர்னிஸ் என்ற அதன் பெயரே இவருடைய பெயரிலிருந்து வந்ததுதான்.

அப்போது இருந்த பேட்டரிகளை ஒருமுறை தீர்ந்தால் திரும்ப சார்ஜ் செய்ய முடியாது. உள்ளே இருக்கும் ரசாயனத்தையோ உலோகத்தையோதான் மாற்ற வேண்டும். பிளான்டே, அமிலத்தில் உலோகத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தி, என்ன நடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈயத் தகடுகளில் மட்டும் மின்சாரம் நன்றாகத் தங்கி, திரும்பவும் வெளியே வந்தது. 1859-ல் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். முதல் ரீசார்ஜ் பேட்டரி ரெடி! அடுத்த ஆண்டே 9 செல்கள் கொண்ட பேட்டரியைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

பொறுமையின் பாடம்

ஆரம்பத்தில் அது கொஞ்சம்தான் மின்சாரம் பிடித்தது. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்து, இறக்கி, தகடுகளைப் பழக்கினார் பிளான்டே. கொள்ளளவு கூடியது. 1881-ல் கமில் ஃபோர் ஈயப் பசை பூசிய தகடுகளைக் கொண்டுவந்த பிறகு தயாரிப்பு வேகமெடுத்தது. 1889-ல், 55 வயதில் பிளான்டே இறந்தார். 1912-ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததை அவர் பார்க்கவில்லை.

இன்றைய காருக்கு என்ன செய்யணும்?

சார்ஜ் இறங்கினால் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரையும். வாரக்கணக்கில் விட்டால் இறுகி, பேட்டரியைக் கொன்றுவிடும். மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் மட்டுமே ஓடும் கார் முழுசா சார்ஜ் ஆகாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது நல்லது.

* இன்ஜின் ஆஃப் செய்து சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், 12.6 வோல்ட் என்பது முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும்.
* மெதுவான சார்ஜே நல்லது. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு சுமார் 3.5 ஆம்பியர் போதும்.
* முதலில் ப்ளஸ், பிறகு மைனஸ் கிளிப்பை மாட்டி, அதன்பின் சுவிட்ச் போடணும். கழற்றும்போது முதலில் சுவிட்சை ஆஃப் செய்யணும்.
* பிளான்டேயின் கண்ணாடி ஜாடியில் கிளம்பிய அதே ஹைட்ரஜன் குமிழிகள்தான் இன்றும் சார்ஜ் ஆகும்போது வருகின்றன. சின்னத் தீப்பொறி பட்டாலே வெடிக்கும். காற்றோட்டம் கட்டாயம்; சிகரெட் கூடவே கூடாது.
* மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றணும். குழாய்த் தண்ணீரோ ஆசிட்டோ வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.
* உப்பிய, விரிசல் விட்ட பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது, மெக்கானிக்கிடம் காட்டணும்.

பிளான்டே ஒரு பேட்டரியைப் பழக்க மாதக்கணக்கில் காத்திருந்தார். நம்ம கார் கேட்பது ஓர் இரவு சார்ஜும், வாரம் அரை மணி நேர ஓட்டமும்தான்.