யாழ் கண்ட விபுலாநந்த அடிகளார்

ஈப்போ குனோங் சீரோ முருகன் சந்நிதியிலும், பேராக்கின் பழைய இரப்பர் தோட்டக் கோயில்களிலும் நம்மவர் ஓதிவரும் தேவாரப் பண்கள் ஒரு காலத்தில் யாழோடு இயைந்து ஒலித்தவை. ஞானசம்பந்தப் பெருமான் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடனிருந்து வாசித்ததை மெய்யன்பர்கள் அறிவர். அந்த யாழோ வழக்கொழிந்து, பெயரளவில் மட்டும் எஞ்சிற்று. அதனை மீட்கத் தம் வாழ்வின் பிற்பகுதியை ஈந்தவர் சுவாமி விபுலாநந்தர்.

ஈழத்தின் மட்டக்களப்புப் பகுதியில், காரைதீவில், 1892-ஆம் ஆண்டு மயில்வாகனனாகப் பிறந்தார். விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்ற அவரே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதருமானார். 1924-இல் துறவு பூண்டார். சென்னையில் ‘இராமகிருஷ்ண விஜயம்’, ‘வேதாந்த கேசரி’ ஆகிய இதழ்களின் ஆசிரியப் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ 1926-இல் வெளிவந்தது. காவியுடுத்தவர் கூத்துநூல் எழுதுவதா என்று எண்ணுவோர்க்கு ஆடல்வல்லானே விடை!

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே அவரை யாழின்பால் ஈர்த்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோதும், 1939 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் இமயத்து மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக விளங்கியபோதும் இவ்வாராய்ச்சி அவரை விட்டு அகலவில்லை. (அவ்விதழின் முதல் ஆசிரியரும் ஒரு தமிழரே, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய இராஜமையர்.) மாதந்தவறாமல் பிறர் எழுத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பணிக்கிடையே, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் அளவையும் கணக்கிட்டவண்ணம் இருந்தார். பழைய உரைகளில் புலவர்க்குப் பிடிபடாத இடங்கள் கணிதம் கற்ற இத்துறவிக்குப் பொருள் தந்தன. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பில் ஏழு இயல்கள் கொண்ட ‘யாழ் நூல்’ உருவாயிற்று. அவற்றுள் ஒன்று தேவாரவியல்.

1947 ஜூன் மாதம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் நூல் அரங்கேறியது. வெள்ளத்தில் ஓடக்காரனின்றி ஓடம் செல்ல, சம்பந்தர் பாடிக் கரைசேர்ந்த தலம் அது. நூலிற் கண்டவாறு செய்யப்பெற்ற யாழ்க் கருவிகள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டு, இறைவன் திருமுன் வாசிக்கப்பெற்றன. உடல்நலம் பெரிதும் குன்றியிருந்த அடிகளார் அவ்விசையைக் கேட்டார்.

ஆறு வாரங்கள் சென்றன. ஜூலை 19-ஆம் நாள் அவர் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே சமாதி கொண்டுள்ளார்.