ராமானந்த் சாகர்: அகதி சொன்ன இராமாயணம் திரும்பி வந்த கதை

2020 மார்ச் 28. கொரோனா முடக்கத்தில் இந்தியா வீட்டுக்குள் அடைபட்டிருந்தது. தூரதர்ஷன் தன் பழைய ‘இராமாயணம்’ தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியது. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அது அறிவித்தது. தொடரை எடுத்த ராமானந்த் சாகர் இறந்து அப்போது 14 ஆண்டுகள் கடந்துவிட்டன.

1917 இல் லாகூர் அருகே பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சந்திரமௌலி. பாட்டி தத்தெடுத்தபோது ராமானந்த் ஆனார். கூலி வேலைகள் செய்தே படித்து, பின்னர் பத்திரிகையாளரானார். 1947 பிரிவினை அவரை அகதியாக்கியது. கண்ட கொலைகளையும் இடப்பெயர்வையும் ‘அவுர் இன்சான் மர் கயா’ (மனிதன் செத்துப்போனான்) என்ற உருது நாவலாக எழுதினார்.

பம்பாயில் ராஜ் கபூரின் ‘பர்சாத்’ (1949) படத்துக்கு எழுதினார். பிறகு சென்னை ஜெமினி ஸ்டூடியோவுக்காகப் பணியாற்றினார். அங்கு அவர் இயக்கிய ‘ஜிந்தகி’ (1964), மறு ஆண்டே தமிழில் ‘வாழ்க்கைப் படகு’ ஆனது.

எழுபதை எட்டும் வயதில் தொலைக்காட்சிக்கு வந்தார். 1987 ஜனவரி 25 இல் தொடங்கிய ‘இராமாயணம்’ 1988 ஜூலை 31 வரை 78 பகுதிகளாக ஓடியது. ஞாயிறு காலைகளில் வட இந்தியத் தெருக்கள் வெறிச்சோடின. உத்தர காண்டமும் வேண்டுமென்று ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதையும் எடுத்தார்.

நமக்கோ அந்த மாதங்களின் நினைவு வேறு. திரையில் இராமன் இலங்கை நோக்கி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் போரைத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குள்ளும் பிணங்கள் விழுந்தன. ஓர் அகதி எடுத்த கதையை அந்த நாடு பார்த்துக்கொண்டிருந்தபோது, நாம் அகதிகளாகிக்கொண்டிருந்தோம்.

2000 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2005 டிசம்பர் 12 இல் மும்பையில் காலமானார். 2008 இல் அவருடைய நிறுவனமே புதிய நடிகர்களுடன் அதே கதையை மீண்டும் எடுத்தது. ஆனால் 2020 இல் மக்களை வீட்டுக்குள் கட்டிப்போட்டது அருண் கோவிலும் தீபிகாவும் அரவிந்த் திரிவேதியும் நடித்த பழையதுதான். நாடாக்கள் பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது.

பன்வில முதலாய் மலையகத் தோட்டங்களுக்கு இது புதிதல்ல. 1964 ஒப்பந்தம் உறவுகளைப் பிரித்துக் கப்பலேற்றிய பின்னரும், மாசி வந்தால் காமன் கூத்து ஆடும் வழக்கம் அற்றுப்போகவில்லை. எரிந்த மன்மதன் ஆண்டுதோறும் உயிர்த்தெழுகிறான். அங்கே ஆட்களின் நினைவே நாடா.

1981 இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஓலைச்சுவடிகளுக்கு மறு ஒளிபரப்பு இல்லை. எஞ்சியிருப்பதையாவது, பாட்டனும் பாட்டியும் இருக்கும்போதே, கைபேசியில் பதிந்து வைப்போம்.