பட்டத்தைத் துறந்த நீதிபதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல சிலாங்கூர் வட்டார இரப்பர்த் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தமிழருள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்கள். அதே காலத்தில், அம்மாகாணத்தின் உயர்நீதிமன்றத்தில் தமிழர் ஒருவர் நீதிபதியாக வீற்றிருந்தார். சட்டம் இயற்றும் மன்றத்திலும் பணியாற்றியிருந்த அவர்தாம் எஸ். சுப்பிரமணிய ஐயர். மக்கள் அவரை மணி ஐயர் என்று அழைத்தனர்.

மணி ஐயர் 1842ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுரையில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைத் தாயாரும் தமையனாரும் வளர்த்தனர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். எழுத்தர் வேலையோடு நின்றுவிட அவர் மனம் ஒப்பவில்லை. வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்தார். ஒவ்வொரு தேர்வாக எழுதினார். 1868இல் சட்டப் பட்டம் பெற்றார். மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் செய்தபோது நகராட்சிப் பணிகளிலும் ஈடுபட்டார்.

1884ஆம் ஆண்டு அவர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அக்காலத்தில் மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை இல்லை. ஆட்சியாளரே உறுப்பினர்களை நியமித்தனர். மறு ஆண்டு பம்பாயில் இந்திய தேசியக் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது மணி ஐயரும் அதில் கலந்துகொண்டார்.

1895இல் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார்.  1900இல் ஆங்கில அரசு அவருக்குச் ‘சர்’ பட்டம் அளித்தது. கண்பார்வை மங்கியதால் 1907இல் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

பட்டமும் புகழும் பெற்ற அவர் எஞ்சிய நாளை அமைதியாகக் கழித்திருக்கலாம். எனினும், நாட்டின் நிலை அவரை வாளாவிருக்க விடவில்லை. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். மணி ஐயர் அதன் கௌரவத் தலைவரானார். 1917 ஜூன் மாதத்தில் அரசு அம்மையாரைக் காவலில் வைத்தது. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மக்களாட்சியைக் காக்கவே தம் நாடு போரில் இறங்குகிறது என்று அமெரிக்க அதிபர் வில்சன் அறிவித்திருந்தார். அப்படியானால் இந்தியருக்கும் அவ்வுரிமை வேண்டுமல்லவா? தன்னாட்சி கிடைக்க உதவுமாறு கேட்டு மணி ஐயர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனை அஞ்சலில் சேர்க்காமல், அமெரிக்காவுக்குச் சென்ற அன்பர்களிடம் கொடுத்தனுப்பினார்.

கடிதச் செய்தி வெளியானதும் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பெரும் சலசலப்பு எழுந்தது. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மாண்டேகு அவரை வன்மையாகக் கண்டித்தார். அரசிடம் ஓய்வூதியம் பெறும் முன்னாள் நீதிபதிக்கு அது எளிய சோதனையன்று. ஆனால், மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியதை மறுக்கவும் இல்லை. மாறாக, 1918இல் ‘சர்’, ‘திவான் பகதூர்’ ஆகிய பட்டங்களைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

1924ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மணி ஐயர் இயற்கை எய்தினார். உழைப்பால் உயர்ந்த அவர், அவ்வுயர்வைக் காத்துக்கொள்வதற்காக உண்மையைச் சொல்லாமல் இருந்துவிடவில்லை. பதவியும் பட்டமும் பிறர் கொடுப்பவை. நேர்மை ஒருவர் தாமே காத்துக்கொள்ள வேண்டியது என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.