குர்துபாவின் நான்கு சிறு தூண்கள்
(கலீஃபா இரண்டாம் ஹகம் அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை)

பள்ளிவாசல் கட்டிய மன்னர்கள் வரலாற்றில் பலர். முன்னோரின் பணியைப் போற்றியவாறே கட்டியவர்கள் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவை ஆண்ட உமையாக் கலீஃபா இரண்டாம் ஹகம்.

கி.பி. 915இல் பிறந்த அவர்கள், தந்தை மூன்றாம் அப்துர் ரஹ்மான் அவர்களின் நீண்ட ஆட்சிக்குப் பின்னர், ஹிஜ்ரி 350இல் (கி.பி. 961) தமது 46ஆம் வயதில் கலீஃபாவானார்கள். கல்வியை உயிரெனக் கருதியவர்கள். அவர்களின் நூலகத்தில் 4 இலட்சம் நூல்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். ஏழைச் சிறார்கள் ஓதிக் கற்பதற்கென 27 இலவசப் பாடசாலைகளையும் நிறுவினார்கள்.

786இல் தொடங்கப்பெற்ற குர்துபாப் பெரிய பள்ளிவாசல் தொழுகையாளிகளுக்குப் போதாமற்போகவே, அதனை விரிவாக்குவதே அவர்களின் முதல் ஆணைகளுள் ஒன்றாயிற்று. கிப்லாச் சுவர் தெற்கே, ஆற்றின் பக்கமாகத் தள்ளி அமைக்கப்பட்டது. ஆகவே, முன்னோரான இரண்டாம் அப்துர் ரஹ்மான் ஒன்பதாம் நூற்றாண்டில் அமைத்த மிஹ்ராபை அகற்ற நேர்ந்தது.

புதிய மிஹ்ராபு எண்கோண அறையாக, சிப்பி வடிவ விதானத்துடன் எழுந்தது. பொன்னொளிரும் வண்ணச் சில்லுகள் பைஸாந்தியப் பேரரசரிடமிருந்து வந்தன. இத்துணைச் செல்வமிருந்தும், பழைய மிஹ்ராபின் நான்கு சிறு தூண்களைக் கலீஃபா அவர்கள் கைவிடவில்லை. பக்கத்திற்கு இரண்டாகப் புதிய மிஹ்ராபின் வாயில் வளைவின்கீழ் அவற்றை நிறுவச் செய்தார்கள். கூரையின் பாரத்தைச் சுமப்பவை அல்ல அவை, அழகுக்காக அமைந்தவை. எனினும், முன்னர் அங்கே தொழுதோரின் நினைவைச் சுமந்து நின்றன. அப்பணி ஹிஜ்ரி 354 துல்ஹஜ்ஜில் (கி.பி. 965) நிறைவுற்றதை அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது.

976இல் கலீஃபா அவர்கள் மறைந்தார்கள். நூலகம் சிதறியது. 1236இல் குர்துபா கைமாறி, பள்ளிவாசல் கிறிஸ்தவப் பேராலயமாயிற்று. ஆயினும் அந்நான்கு தூண்களும் இன்றளவும் அங்கேயே நிற்கின்றன.

ஜமாஅத்தார்களே! நம் ஊர்களிலும் பழைய பள்ளிகளை இடித்துப் புதியவை எழுப்புகின்றோம். இடநெருக்கடி தீர அது தேவையே. ஆனால், முன்னோர் தம் உழைப்பால் செதுக்கி வைத்த கல்தூண்களும் மரக்கதவுகளும் இடிபாடுகளோடு வண்டியேறிச் செல்வதை நாம் பார்த்து நிற்கின்றோம். கடப்பாரையை எடுக்குமுன், எவற்றைப் புதிய பள்ளிக்குக் கொண்டுசெல்லலாம் என நிர்வாகிகளும் மூத்தோரும் அமர்ந்து பட்டியலிட்டால் என்ன? ஒரு பேரரசின் கலீஃபாவுக்குப் பெரிதாய்த் தோன்றிய பழைய தூண்கள் நமக்குச் சிறியனவாகிவிடலாகாது.

பள்ளிவாசல்களைக் கட்டியோர், காத்தோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.