ராயபுரத்தில் மழை, கோட்டையில் லாட்டரி: அண்ணா ஆரம்பிச்ச கணக்கு!

ராயபுரம் ராபின்சன் பூங்கா தெரியும்தானே? இப்போ அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்னைக்கு, கொட்டுற மழையில் அங்கேதான் தி.மு.க-வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. மேடையில் நின்ற அண்ணாவுக்கு அப்போ வயசு 40. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பையன், நகராட்சியில் கொஞ்ச நாள் கிளார்க், பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. நாடகம், சினிமா, பத்திரிகை எல்லாம் ஊரறிஞ்ச கதை. நாம நேரா 1967-க்குப் போயிடலாம்.

முதல்வர் ஆனதும் முதல் தலைவலி பணம். ரூபாய்க்குப் படி அரிசி கொடுத்தாகணும். மதுவிலக்கைத் தளர்த்தினால் கஜானா நிறையும், ஆனா அண்ணா அதுக்கு ஒத்துக்கவே இல்லை. கேரளா 1967-ல் அரசு லாட்டரியை ஆரம்பிச்சிருந்தது. 1968-ல் தமிழ்நாடும் இறங்கியது. சாராயக் காசு வேண்டாம், சீட்டுக் காசு பரவாயில்லைனு முடிவெடுத்தவர் பொருளாதாரம் படிச்சவர் என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

அந்தச் சீட்டை வாங்கினவரோட பக்கம் நின்னு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறு இலக்க நம்பர், மொத்தம் 10 லட்சம் சீட்டு, ஒரே ஒரு முதல் பரிசுனு வெச்சுக்குவோம். துறைமுகத்தில் மூட்டை தூக்குறவர் வாரம் ஒரு சீட்டு, 50 வருஷம் விடாம வாங்குறார். மொத்தம் 2,600 சீட்டு. ஒரு தடவையாவது முதல் பரிசு அடிக்க வாய்ப்பு? சுமார் 0.26 சதவிகிதம். அதாவது, அவரை மாதிரி 1,000 பேர் ஆயுசு முழுக்க வாங்கினாலும் ஜெயிக்கிறது ரெண்டு மூணு பேர்தான். போன வாரம் தோத்ததுக்காக இந்த வாரம் சலுகை எதுவும் கிடையாது. சீட்டுக்கு ஞாபகசக்தி இல்லையே!

அப்புறம் ஏன் விடாம வாங்குறாங்க? ஒரு நம்பர்ல போச்சேங்கிற வலிதான். ஜெயிச்ச நம்பரில் ஆறு இடம், ஒவ்வொரு இடத்திலும் வேற ஒன்பது எண் வரலாம். ஆக, ஒரே ஒரு இலக்கத்தில் கோட்டை விட்ட சீட்டுகள் 54. ஒருத்தர் ஜெயிக்க, 54 பேர் தலையில கைவெச்சு, அடுத்த வாரம் மறுபடியும் கடைக்கு வர்றாங்க.

இது எங்கே போய் முடிஞ்சதுனு பார்க்க அண்ணா இல்லை. மாநிலத்துக்குத் தமிழ்நாடுனு பேர் அமலுக்கு வந்த அடுத்த மாசமே, 1969 பிப்ரவரி 3-ம் தேதி புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயசு 59. முதல்வரா இருந்தது ரெண்டு வருஷம்கூட இல்லை.

அவருக்குப் பிறகு சீட்டு வேகமெடுத்தது. ஒரு நம்பர் லாட்டரி வந்து, தினக்கூலி அன்னைக்கன்னைக்கே கடையில் காலியாச்சு. 1998-ல் மத்திய சட்டம் ஒற்றை இலக்கப் பரிசுக்குத் தடை போட்டது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா மொத்த லாட்டரியையும் தமிழ்நாட்டில் நிறுத்தினார். ஆனாலும், கள்ளத்தனமா மூணு நம்பர் சீட்டு வித்து கைதானவங்க செய்தி இன்னமும் வந்துட்டுதான் இருக்கு. அதிலும் 000-லேருந்து 999 வரை, ஆயிரத்தில் ஒண்ணுதான்.