கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்த வைத்தியர்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் வயல்களில் இறங்கும் விவசாயி, தமிழராயினும் முஸ்லிமாயினும், அஞ்சி நடப்பது கண்ணாடி விரியனுக்கே. விஞ்ஞான உலகம் அதனை ரஸல் விரியன் என்றழைக்கிறது. அப்பெயருக்குரிய பற்றிக் ரஸலின் வாழ்வை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த ரஸல், 1750 இல் சிரியாவின் அலெப்போ நகரை அடைந்து, அங்கு வைத்தியராகவிருந்த தமது சகோதரருடன் இணைந்துகொண்டார். அரபு மொழி கற்று, ஏறத்தாழ இருபதாண்டுகள் அந்நகர மக்களிடையே வாழ்ந்தார். 1760 முதல் 1762 வரை கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியபோது நோயாளரைக் கைவிடாது பணியாற்றினார். அரபுப் பெண்கள் பெரியம்மைக்குப் பால் குத்தும் முறையை ஆராய்ந்து 1768 இல் இலண்டன் அறிஞருக்கு எடுத்துரைத்தார். எளிய மக்களின் அனுபவ அறிவையும் பொருட்படுத்திய பண்பு அதில் வெளிப்பட்டது.

1780களின் தொடக்கத்தில் விசாகப்பட்டினம் வந்த அவர், 1785 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் இயற்கையியலாளரானார். நஞ்சுள்ள பாம்பு எது, நஞ்சற்றது எது என்பதை மக்கள் பிரித்தறிய வேண்டுமென்பதே அவரது நோக்கம். கடியுண்ட கோழிகளிலும் நாய்களிலும் நஞ்சு வேலைசெய்யும் விதத்தைக் குறித்துவைத்தார். பெயர்பெற்ற தஞ்சை மாத்திரையையும் கண்மூடி ஏற்காது சோதித்துப் பார்த்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றிய அவரது நூல் 1796 இல் வெளியாயிற்று. திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய மறு ஆண்டு அது. 1805 இல் ரஸல் இலண்டனில் காலமானார்.

அவர் தொடக்கிய ஆய்வு அவரோடு முடிந்துவிடவில்லை. இவ்விரியனின் நஞ்சு, இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகளைத் தூண்டிச் செலவழித்துவிடுகிறது. அதனால் கடியுண்டவரின் இரத்தம் பின்னர் உறைவதில்லை. அதே நஞ்சை மிகவும் ஐதாக்கிக் காயத்திலிட்டால் குருதி நிற்கும் என்பதை, 1934 இல் மக்பார்லேன், பார்னெட் ஆகிய இருவரும் ஹீமோபீலியா நோயாளரிடம் காட்டினர். இன்று, இளவயதிலேயே மூளையில் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வருவதற்குக் காரணமாகக்கூடிய ஒரு நோயைக் கண்டறியும் பரிசோதனையிலும் இந்நஞ்சு பயன்படுகிறது.

இலங்கையின் கண்ணாடி விரியன் தீண்டினால் இரத்தம் உறையாமற் போவதுடன், கண்ணிமை தொங்குதல் போன்ற நரம்புப் பாதிப்பும் தோன்றுகிறது. ஆயினும் இங்கு பயன்பட்டுவந்த விஷமுறிவு மருந்து, நெடுங்காலமாக இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு அங்கு தயாரிக்கப்பட்டதேயாகும். நமது மண்ணின் பாம்புகளுக்கேற்ற மருந்து நமக்குத் தேவை என்பதை வற்புறுத்தியே ஆகவேண்டும்.

மறுபுறம், கடிவாயைக் கீறுவதிலும் இறுகக் கட்டுவதிலும் பொழுதைப் போக்கும் வழக்கம் நம்மிடமிருந்து அகலவேண்டும். சிறிதளவு இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயிலிட்டு, இருபது நிமிடங்களில் உறைகிறதா எனப் பார்க்கும் எளிய சோதனையே வைத்தியருக்கு வழிகாட்டிவிடும். அதற்குக் கடியுண்டவர் உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தாக வேண்டும். கேட்டதை நம்பாது சோதித்தறிந்த ரஸலின் வாழ்வு நமக்கு உணர்த்துவதும் இதுவே.